"நான் முட்டாளா அப்பா?" என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ கேட்டதற்கு, "சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று வைத்த பிறகுதான் உறைத்தது. எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உன்னோடு வாழ்ந்தவன் உன்னை ஏமாற்றியது ஒரு வலி. ஆனால் உன்னை அரித்துக்கொண்டிருப்பது வேறு என்று தோன்றுகிறது. "இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே" என்று நேற்று நாலு தடவை சொன்னாய்.

எனக்கு அது பழகின பேச்சு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது என் கூட்டாளி ஒருவன், கூடப் பிறக்காத தம்பி மாதிரி, அவன் வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் ஆளைக் காணோம். கடன் எப்படியோ கட்டி முடிந்தது. அந்த முதல் சில மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் வீட்டுக்கு வந்துபோன நாட்களையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தேன். இந்த நாள் அப்படிச் சிரித்தானே, அப்போதே முடிவு செய்துவிட்டானா? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினானே, அதுவும் நடிப்பா? பொய் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று கண்டுபிடித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று ஒரு நினைப்பு. ஆறவில்லை. உன் அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் பேனாவைத் திறந்தால் உள்ளே ரீஃபில் இல்லை. (எடுத்தது தான்தான் என்று அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

ராத்திரி இரண்டு மணிக்கு நீ பழைய மெசேஜ்களைப் புரட்டுவதும் அந்தச் சிவப்பு மைதான்.

இந்த வாரம் இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். ஜெனிஃபர் ஃபிரெய்ட் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளிலேயே இதை எழுதியிருக்கிறார். யாரை நம்பி நம் வாழ்க்கை நிற்கிறதோ, அவர் செய்யும் துரோகம் நம் கண்ணில் படாமல் போகலாம். உறவு உடைந்துவிடக் கூடாதே என்று மனசே அதை ஒதுக்கிவிடும் என்கிறார். படித்ததும் எனக்கு மூச்சு சீராக வந்தது. என் கூட்டாளி விஷயத்தில் ஒன்றிரண்டு என் கண்ணில் பட்டது. சரி, இருக்கட்டும் என்று விட்டேன். நீயும் விட்டிருப்பாய். தினமும் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு யாரோடும் குடித்தனம் நடத்த முடியாதும்மா. நம்பினது நீ, ஏமாற்றினது அவன். இந்தக் கணக்கைக் குழப்பிக்கொள்ளாதே.

எல்லோரும் "மன்னித்துவிடு, மறந்துவிடு" என்பார்கள். அவர்களுக்குச் சங்கடம் தீர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதுவும் மன்னிப்பா என்று தெரியாது. ஒரு நாள் யோசித்தால் ஒரு வாரமாக அவன் நினைப்பே வரவில்லை. மன்னிப்பது வேறு, திரும்பச் சேர்த்துக்கொள்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உன் தலையில் வைத்தால் வாங்காதே.

இன்னொன்று. 1986இல் வெளியான ஓர் ஆய்வில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், தங்களை உலுக்கிய விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததோடு மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், பிறகு வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. முடிந்தால் எழுதிப் பார். அவனுக்கு மட்டும் அனுப்பிவிடாதே. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, இது மருந்துச் சீட்டு இல்லை.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் உடனே சொல்லு. மனநல மருத்துவரிடம் போகலாம். நானும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம், நாளை ராத்திரி கூப்பிடு. பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு. நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், பக்கம் திருப்புகிற சத்தம் கேட்கும்.

அப்பா