விவசாயிகள் சங்க ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் விட்டுப்போகாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை நான் வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த வருடம் நம் சங்கத்தில் உருப்படியாக ஒன்று நடந்ததென்றால் அது பேராசிரியர் அண்ணாச்சியால்தான். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகமும் பார்த்து வளர்ந்தவர். கோவையில் வேளாண் பொறியியல் பட்டப்படிப்பு 1972-இல் தொடங்கியது. அதன் ஆரம்ப வருடங்களில் போய்ச் சேர்ந்தார். "மாட்டு வண்டிக்கு இன்ஜினியரா?" என்று ஊரில் கேலி செய்தார்களாம். விரிவுரையாளர், பேராசிரியர், பண்ணைக் கருவிகள் துறைக்குத் தலைவர் என்று போய் ஓய்வு பெற்றார். சேற்றில் இறங்கிக் களையெடுக்கும் கோனோவீடர் கருவியைத் தள்ளாத மாணவனுக்கு அவரிடம் மார்க் கிடையாது. தலைவரானபின் லேத்தைவிடக் கோப்புகளைத் தொட்டதுதான் அதிகம் என்று இன்றும் குறைப்படுவார்.

சரி, கார் அறுவடைக்கு வருவோம். அம்பை 16 நெல் வயலில் அறுவடை மெஷின் ஓட, பின்னாலேயே ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிற்றைப் போட்டுக் குத்தவைத்து, மெஷின் சிந்திய நெல்மணிகளை எண்ணினார் பேராசிரியர் அண்ணாச்சி. மெஷின் இறங்கும் முன்பே உதிர்ந்து கிடந்ததை எண்ணிக் கழித்துக்கொண்டார். "பொறுக்கித் திங்கவா சார்?" என்றார் டிரைவர். அண்ணாச்சி கோபப்படவில்லை, கணக்குச் சொன்னார். இந்த ரகத்தில் ஆயிரம் மணி சுமார் 24 கிராம். சதுர மீட்டருக்கு நூறு மணி கிடந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 10 கிலோ மண்ணுக்கு.

அப்புறம் ஃபேன் காற்றைக் குறைக்கச் சொன்னார், வேகத்தையும் குறைக்கச் சொன்னார். அடுத்த சுற்றில் பதருக்குள் மணி குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. டிரைவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மணிக்கணக்கில் வாடகை என்பதால் "விரசா ஓட்டுப்பா" என்று வரப்பில் நின்று விரட்டுவது நாம்தான், நானும் சேர்த்து.

பிசான அறுப்புக்கு அந்தக் கயிறு சங்க அறை ஆணியில் தொங்குகிறது. எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தாருங்கள். போன தடவை கொண்டுபோனவர் அதில் கன்றுக்குட்டியைக் கட்டிவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்