தாடை வீக்கமும் ஒரு செட் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைகளில் கால் புண், கண், சிறுநீரகம் எல்லாம் வந்தன. வாயும் தாடையும் விட்டுப்போயின. தங்கச்சிமடத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால் எனக்கு அது உறுத்தியது. மாதாமாதம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வாங்குகிறவரே இன்னொரு நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "பல்லு வீக்கம், ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே" என்பார். பெரும்பாலும் அது சொத்தைப் பல்லாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒன்று அப்படி இருக்காது.

ஆக்டினோமைக்கோசிஸ் என்று ஒரு தொற்று உண்டு. அரிதானது. பெயர்தான் வாயில் நுழையாது. கிருமி நம் வாயில், பல் இடுக்கில் சும்மா குடியிருப்பதுதான். பல் பிடுங்கிய குழி, சொத்தை, தாடையில் பட்ட அடி என்று ஒரு வழி கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பானால் அதற்கு இன்னும் வசதி. தாடையோரம் மரக்கட்டை போல இறுகி வீங்கும். பலருக்கு வலி அதிகம் இருக்காது, அதனால்தான் வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு தோலில் துளை விழுந்து சீழ் கசியும். அதில் மஞ்சள் குருணைகள் தெரியலாம். புகையிலை போடுகிறவருக்கு வந்துவிட்டால், புற்று என்று வீடே கலங்கிப்போகும். காசநோய் என்றும் தோன்றும். சதையையோ சீழையோ எடுத்துப் பரிசோதித்தால்தான் எதுவென்று தெரியும். அதற்கு முன்பே அரைகுறையாக ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். செட் மாத்திரை தர நான் மறுப்பது இதனால்தான். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். சரி, போகட்டும்.

மருந்து இருக்கிறது, பெனிசிலின் வகைதான். ஆனால் பல மாதம் எடுக்க வேண்டும், சிலருக்கு 6 முதல் 12 மாதம் வரை. வீக்கம் வடிந்ததும் நிறுத்தினால் திரும்ப வரலாம். கடலுக்குப் போகிறவருக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. (நாக்குக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் அது வேறு கதை, விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் அப்போது கரையில்தான் இருக்கிறார்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் அந்த நாட்களில் பல் மருத்துவ முகாம் போடுங்கள் என்பதுதான் சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை. அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்கா ஒரு நிமிடம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கலாம். சந்தேகமானால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி அனுப்பலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் முகாமை எந்த நாளில் வைப்பது என்று அந்தந்த ஊரில் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தங்கச்சிமடம்.