பொழுதோட வரும் டீ கேனைப் பற்றி, பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி அண்ணன்மார்களுக்கு வணக்கமுங்க.

நான் பதினேழு வருடமாக, தைத்த பீஸில் குறை பார்த்துப் பிசிறு வெட்டுகிற செக்கிங்கில் இருக்கிறேன். சம்பளம், பேட்டா பற்றி எழுத வரவில்லை, அதைச் சங்கம் பேசிக்கொள்ளும். பொழுதோட, அதாவது சாயங்காலம், வருகிற டீ கேன், அதன் கூடவே வருகிற பஜ்ஜித் தட்டு, ஷிப்மென்ட் நெருங்கினால் வருகிற ஃபுல் நைட் வேலை, இந்த மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் காலையில் விரல் மடங்கவில்லை. அப்புறம் தினமும் அப்படித்தான். வெந்நீரில் கையை விட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். பிசிறு வெட்டுகிற கத்தரியை அழுத்தினால் கட்டைவிரல் அடியில் சுருக்கென்று ஏறும். நூல் விட்டுப்போன பீஸ்களைச் சூப்பர்வைசர் என் மேஜை மேல் வீசிவிட்டுப் போனார். தைலம் தேய்த்தேன், மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை போட்டேன். கடைசியில் ரத்தம் பார்த்தபோது, 5க்குள் இருக்க வேண்டிய சிஆர்பி, அதாவது உடம்புக்குள் வீக்கம் இருப்பதைக் காட்டுகிற புரதம், 14 இருந்தது. மூட்டுகளை வீங்க வைத்து முடக்குகிற முடக்குவாதம் என்றார் டாக்டர்.

அவர் சொன்ன விளக்கம் நம் தொழிலுக்கே பொருந்துகிறது. ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். அது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை, நாலு நாளில் அடங்கிவிடும். அதற்குப் பெயர் அழற்சி. அடங்காமல் வருடக்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தால் ரத்தக்குழாய், மூட்டு என்று ஒவ்வொன்றாகக் கெடும், சர்க்கரை நோய்க்கும் வழி விடும். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டுகிற சரக்கை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. புகை, தூக்கக் குறைவு, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அதற்கு விறகு.

என் நோய்க்கு உங்கள் டீ கேன்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். சாப்பாட்டை மாற்றினால் முடக்குவாதம் ஓடிவிடும் என்பதும் பொய். வாரம் ஒரு தடவை போடுகிற மாத்திரையை நான் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஒன்றரை ஷிப்ட் இருக்கிறவர்கள் விழித்திருக்கிற நேரத்தில் முக்கால்வாசி உங்கள் கட்டடத்துக்குள்தான் போகிறது. அங்கே வாய்க்குள் போவது என்ன என்று பாருங்கள்.

ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, பத்து கிராம். வீட்டில் ஒன்று, கம்பெனியில் மூன்று என்றால் நாற்பது கிராம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பஜ்ஜியைச் சொல்லவே வேண்டாம். செய்தித்தாளில் வைத்துத் தருகிறார்கள், எண்ணெய் ஊறித் தலைப்புச் செய்தி பஜ்ஜியில் தலைகீழாக ஒட்டியிருக்கும். எண்ணெய், கொழுப்பில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். டீக்கடைச் சட்டியில் போய் யார் அளக்கிறார்கள்? நம் சரக்கை வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினால் தீயணைப்பு சிலிண்டர் தேதி பார்க்கிறார்கள், கக்கூஸ் பார்க்கிறார்கள். பஜ்ஜித் தட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பஜ்ஜிக்குப் பதிலாகக் கொள்ளுச் சுண்டல் கொடுங்கள். காங்கேயம் பக்கம் எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், காட்டில் மழையை மட்டும் நம்பி விளைந்த பயிர் அது. ஒரு கிலோவை வேகவைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், இருபது பேருக்கு ஆளுக்கொரு கிண்ணம். புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது. அந்த நார்ச்சத்தைக் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் தின்று, அழற்சியைத் தணிக்கிற பொருளாக மாற்றுகின்றனவாம். ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் வறுத்த கடலை, இல்லாவிட்டால் கொய்யாப்பழம். பழைய சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு நோயே வந்ததில்லை என்று கதை விட மாட்டேன். அம்மாயியும் மூட்டுவலியோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

அழற்சிக்கு மருந்து என்று சொல்கிற மஞ்சள் கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஒரு தடவை ஹெல்த் கேம்ப் போட்டார்கள். வந்தவர் ‘ஈரோட்டு மஞ்சள் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை’ என்று பேசி, ஆளுக்கொரு டப்பா மஞ்சள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். ஈரோட்டு மஞ்சள் 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது, நமக்குப் பெருமைதான். ஆனால் மஞ்சளில் மருந்துச் சரக்கு என்று சொல்கிற குர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். அதிலும் உடம்பில் ஒட்டுவது சொற்பம், மிளகோடு சேர்ந்தால் கொஞ்சம் கூடும். ரசத்தில் போடுங்கள், நல்லது. மாத்திரையைக் காட்டியபோது டாக்டர் முகம் சுளித்தார். நான் சாப்பிடுகிற மருந்துக்கே கல்லீரலை அடிக்கடி சோதிக்க வேண்டும், இதையும் சேர்க்காதே என்றார். டப்பா அலமாரியில் கிடக்கிறது.

டீயை விட ராத்திரி வேலைதான் பெரிய விஷயம். இரவு தூக்கம் தொடர்ந்து கெட்டால் ரத்தத்தில் சிஆர்பி ஏறும். ஃபுல் நைட் பார்த்தவர்களை மறுநாள் காலை எட்டரைக்கே மெஷினில் உட்கார வைக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு நைட் வேண்டாம். ஷிப்மென்ட் தப்பினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், நஷ்டம் உங்களுக்கு என்பது எனக்கும் தெரியும். தூக்கக் கலக்கத்தில் தைத்த பீஸில் எத்தனை டேமேஜ் விழும் என்பதும் தெரியும், அதைப் பொறுக்குகிறவள் நான்தான்.

அப்புறம் நடை. பவர் டேபிளில் தைக்கிறவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார்கள். மதியம் சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம், டீ டைமில் பத்து நிமிடம் காம்பவுண்டைச் சுற்றவிட்டால் ஆறு நாளைக்கு 150 நிமிடம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்கிறார்கள்.

உங்களில் பலர் டெய்லருக்குக் கைமடித்துக் கொடுத்து, அப்புறம் தைத்து, மேலே வந்தவர்கள். இந்தப் பஜ்ஜியைத் தின்றவர்கள்தான், நெஞ்சு எரிந்தது மறந்திருக்காது.

எங்கள் டீக்காரரிடம் நானே பேசிவிட்டேன். சர்க்கரையைத் தனியாகக் கொண்டுவரச் சம்மதம்தான். சுண்டலும் போடுவாராம், ‘கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க அக்கா’ என்கிறார்.

இப்படிக்கு,
செக்கிங் செக்‌ஷனில் இருந்து ஒருத்தி