அம்மாவோட விரலுக்கு மீனெண்ணெய்

ட்ரோம்சோ, நார்வே
மார்கழி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா கையெழுத்தில வந்த கடிதம் கிடைச்சுதுங்க. மூணு மாசமா எழுதாம இருந்துட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. வெடியால எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்கலை, பால் கறக்க முடியலைன்னு எழுதியிருந்தீங்க. தேய்மான வலின்னா பெரும்பாலும் அரை மணிக்குள்ள இளகிரும். உங்களுக்கு அதுக்கு மேல ஆகறதால, டாக்டர் முடக்குவாதம்னு சொன்னது பொருந்துதுங்க. அந்த வலிக்கு மருந்தோட மீன் எண்ணெயும் கொஞ்சம் உதவுங்க, அதைப் பத்தித்தான் எழுதறேன்.

இங்க நவம்பர் கடைசியில போன சூரியன் ஜனவரி பாதிக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் ஒரு கரண்டி காட் மீன் ஈரல் எண்ணெய் குடிக்கறாங்க. வெயில் இல்லாத ஊருக்கு அதுல இருக்கற வைட்டமின் டி வேணும். நீங்க அதைக் குடிக்காதீங்க. மூட்டுக்கு வேண்டிய அளவு குடிச்சா வைட்டமின் ஏ மிஞ்சிப் போய் உடம்புக்கு ஆகாது. கடையில மீன் எண்ணெய்னே கேளுங்க, ஈரல் எண்ணெய் வேண்டாம்.

டப்பா முன்னால 1000 மி.கி.ன்னு கொட்டை எழுத்துல இருக்கறது எண்ணெயோட எடை. வேலை செய்யற ஒமேகா-3 கொழுப்பு பின்னால இபிஏ, டிஹெச்ஏன்னு ரெண்டா இருக்கும், அதைக் கூட்டுங்க. சாதாரண மாத்திரையில 180, 120, ஆக 300தான். முடக்குவாதத்துக்குக் குடுத்துப் பார்த்தது நாளைக்குக் கிட்டத்தட்ட 2,700 மி.கி., அதாவது ஒன்பது மாத்திரை. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு மருந்து கேக்கலைன்னு விடறவங்கதான் நிறைய. செறிவு கூட்டினதுல 600, 700 இருக்கும், நாலஞ்சு போதும். அளவை டாக்டரே சொல்லட்டும். முதல் வாரம் ஒண்ணு, அப்புறம் மெல்லக் கூட்டுங்க. வெறும் வயித்துல போட்டா மீன் ஏப்பம் வரும். சோத்தோட பிரிச்சுப் போடுங்க.

மூணு மாசம் பொறுக்கணுங்க. வீக்கத்தைக் கிளப்பற கொழுப்பு இருக்கற எடத்துல இது மெதுவாத்தான் போய் உக்காரும். முடக்குவாதத்துக்கு டாக்டர் குடுத்த, வாரத்துக்கு ஒருநாள் போடற மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. மூட்டு அரிக்கறதைத் தடுக்கறது அதுதான், எண்ணெய் இல்லை.

அடுப்படி ஜன்னல்ல வைக்காதீங்க, நம்மூர்ச் சூட்டுக்குக் கெட்டுரும். ஒண்ணை ஊசியால குத்தி மோந்து பாருங்க. சிக்கு வாடை அடிச்சா டப்பாவையே வீசிருங்க. புரட்டாசியில வேண்டாம்பீங்க. பாசியில எடுக்கற எண்ணெய் இருக்கு, மேலுறையும் சைவமான்னு பாத்து வாங்கணும். ஆளி விதை இதுக்கு ஈடாகாது, உடம்பு அதுல கொஞ்சத்தைத்தான் மாத்திக்கும்.

அப்பா நெஞ்சுக்கு ரத்தம் உறையாத மாத்திரை போடறாரு. டாக்டரைக் கேக்காம அவர் இதைத் தொடக்கூடாது. அளவு மிஞ்சினா இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

மீனாவே சாப்பிட்டா என்னன்னு தம்பி கேப்பான். நல்லதுதான். அணைக்கட்டுக் கட்லாவை விட, உக்கடத்துல விக்கற மத்தி, அயிலையில இந்தச் சத்து அதிகம். குழம்பா வைங்க. மத்தியைக் கடலோரத்துல சாளைம்பாங்க. அந்தப் பேரை எழுதறப்பவே நம்ம தோட்டத்துச் சாளை வீடு கண்ணுல நிக்குதுங்க. வாசக்கட்டில், சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறு, நீங்க ஊத்தற நெய். இங்க தக்காளிச் சாறுல போட்ட டப்பா அயிலையை ரொட்டியில வெச்சுத் தின்னுட்டு வேலைக்குப் போயிருவேன். நல்லாத்தான் இருக்கேன், வெசனப்படாதீங்க.

இந்த மாசப் பணம் தை மாசத்தோட சேர்ந்து வரும். மஞ்சளை அவசரப்பட்டு வித்துராதீங்க. தம்பிக்கு வந்த காங்கேயத்து ஜாதகம் என்னாச்சு? மாமாவைக் கலக்காம வாக்குக் குடுக்காதீங்க. பால் கறக்க ஒரு ஆளைப் போடுங்க, கூலியை நான் தர்றேன்.

உங்கள் அம்மிணி