பத்மினியில் தண்ணீர் ஊற்றும் முன்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. மற்றதை நேரில் பேசலாம்.

ஆடிக்கு வரும்போது மாமாவின் பழைய பத்மினி காரை ஸ்டார்ட் பண்ணப் போகிறாயாம், அத்தை சொன்னார்கள். தயவுசெய்து அவசரப்படாதே. ராவுத்தர் லேத்தில் நீ காட்டிய வேகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது!

ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவின் அம்பாசடரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. பம்ப், ஹோஸ் எல்லாம் சரி. ஒழுகியது பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வாட்டர் பிளக். இஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுக்கவே அந்த ஓட்டைகள். பிறகு சின்னக் கிண்ணம் போன்ற தகட்டை அடித்து அடைத்துவிடுவார்கள். பனிநாட்டில் தண்ணீர் உறைந்து விரிந்தால் அது பிதுங்கிக்கொண்டு வருமாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அந்தப் பயமில்லை. நம் எதிரி துரு. துருவைத் தடுக்கும் கூலன்ட் இல்லாமல் உப்பான போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்தால் இரும்புத் தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இஞ்சினையே இறக்க வேண்டும் என்றார் ஒருவர். தேவையே இல்லை, கை போகிற இடத்தில் இருப்பதை வீட்டிலேயே மாற்றலாம். இஞ்சின் நன்றாக ஆறியதும் தண்ணீரை வடித்துவிட்டு, தகட்டின் ஒரு ஓரத்தில் மொட்டை முனையுள்ள இரும்பு பஞ்ச் ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். அது பக்கவாட்டில் திரும்பியது, குறடால் பிடித்து இழுத்தேன். நடுவில் ஓங்கி அடித்தால் உள்ளே விழுந்துவிடும், ஜாக்கிரதை. உள்ளே பார்க்க வேண்டுமே, செங்காவிச் சேறு! கம்பியால் கிளறி, ஹோஸ் வைத்துக் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. இத்தனை சேற்றோடு அது ஓடியதை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை.

ஓட்டையின் விளிம்பை எமரி தாளால் தேய்த்துத் துடைத்து, கசிவை அடைக்கும் சீலன்ட் தடவி, புதுப் பிளக்கைப் பொருத்தி, அதன் கிண்ணத்துக்குள் அடங்குகிற ஸ்பேனர் சாக்கெட்டை வைத்து நேராக அடிக்க வேண்டும். கோணலாக இறங்கினால் ஒழுகும். பித்தளை பிளக்கே போடு, துருப்பிடிக்காது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயசுதான், எட்டுகிற எல்லாவற்றையும் சேர்த்தே மாற்று. சீலன்ட் காய்ந்த பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

மாமா போனதிலிருந்து அந்தப் பத்மினி கொட்டகையில் சும்மா நிற்கிறது. அதன் பிளக்குகளும் இப்படி அரித்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் இஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். அப்புறம் பத்மினிக்கு ஹெட் தேடி அலைய வேண்டியதுதான். மாமா அதை எப்படித் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்! ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கிற ஆசையில் அதை இழந்துவிடாதே.

கொட்டகைச் சாவியை என்னிடம் தரச் சொல்லி அத்தைக்கு ஒரு போன் போடு. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பிளக்கை அளந்து, திருச்சி போகும்போது புதுப் பிளக் வாங்கி வைக்கிறேன். நீ வந்ததும் சேர்ந்தே மாட்டலாம். பழைய சட்டை ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
ரவி