பாதியில் பூட்டிக்கொள்ளும் பாடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பாடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது வெளியாகும் பட்டியல்களைத் தவறாமல் படித்து வருகிறேன். ஆசிரியர் துணையின்றித் தாமாகவே படிக்க முனைகிறவர்களுக்கு அவை பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு பாடத்தைக் காசில்லாமல் தொடங்க முடியுமா என்று சொல்லும் அப்பட்டியல்கள், அதைக் கடைசி வரை படித்து முடிக்கவும் பிறகு கையில் வைத்துக்கொள்ளவும் முடியுமா என்பதைச் சொல்வதில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே புள்ளியியல் கற்க விரும்பி, 'இலவசம்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நான்கு வாரப் பாடங்களை முடித்திருந்தேன். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் உள்ளே நுழைந்தபோது, அனுமதிக் காலம் முடிந்துவிட்டதாகவும் தொடர விரும்பினால் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் திரையில் அறிவிப்பு வந்தது. இனி வரவேண்டிய பாடங்களோடு, ஏற்கெனவே பார்த்த காணொளிகளும், அந்தத் தளத்திலேயே நான் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகளும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டன. தளம் நடத்துகிறவர்களுக்கும் செலவு உண்டு. சான்றிதழுக்குக் கட்டணம் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். கால வரம்பை முதல் நாளே கண்ணில் படும்படி சொல்லியிருந்தால், குறிப்புகளையாவது என் நோட்டில் எழுதி வைத்திருப்பேன்.

அதன் பிறகுதான் 'திறந்த உரிமம்' என்ற சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு, யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் அதே 2002இல் வெளிவந்தன. இத்தகைய உரிமத்தோடு வரும் பாடத்தைத் தரவிறக்கலாம், படியெடுக்கலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். பெரும்பாலானவற்றை மொழிபெயர்க்கவும் செய்யலாம். தளமே நாளை மூடப்பட்டாலும் நம்மிடம் உள்ள படி நம்முடையதே. நான் பாதியில் விட்ட புள்ளியியலை, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள அறிமுகப் பாடநூலைக் கொண்டுதான் படித்து முடித்தேன். முழு நூலும் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கிறது. பல பயிற்சிகளுக்கு அத்தியாய இறுதியிலேயே விடை இருக்கிறது. தனியாகப் படிக்கிறவருக்கு விடைகளின் மதிப்பு என்ன என்பது, செய்த கணக்கு சரியா தவறா என்று கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியும்.

இலவசம் என்பதால் தரம் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பெற்றோர் பலரிடம் இருப்பதால், ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகள் 1999இல் படம்பிடிக்கப்பட்டவை. முதல் வகுப்பிலேயே அவர் 2x − y = 0, −x + 2y = 3 என்ற இரண்டு எளிய சமன்பாடுகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். முதலில் அவற்றை இரண்டு கோடுகளாக வரைந்து, அவை x = 1, y = 2 என்ற புள்ளியில் வெட்டிக்கொள்வதைக் காட்டுகிறார். இது பள்ளியில் எல்லோரும் செய்ததுதான். பிறகு அதே சமன்பாடுகளின் எண்களை நிரல்களாக, அதாவது மேலிருந்து கீழாக, பார்க்கச் சொல்கிறார்: (2, −1) என்ற திசையனை, அதாவது அம்புக்குறியாக வரையக்கூடிய எண் இணையை, ஒரு மடங்கும், (−1, 2) என்ற திசையனை இரண்டு மடங்கும் எடுத்துக் கூட்டினால் (0, 3) வருகிறது. அந்த இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டு, தாளில் நானே அம்புக்குறிகளை வரைந்து பார்த்தேன். பள்ளி நாள்களில் விதியாக மனப்பாடம் செய்த ஒன்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் படமாகக் கண்முன் நின்றது. இந்தப் பாடத்துக்கான பயிற்சித் தாள்களும் தேர்வுத் தாள்களும் விடைகளோடு எம்ஐடியின் அந்தத் திறந்த பாடத் தளத்திலேயே உள்ளன. உள்நுழைவுப் பதிவுகூடத் தேவையில்லை.

இணைய இணைப்பு சீராக இல்லாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள இயற்பியல், வேதியியல் பாவனைச் சோதனைகளைத் தரவிறக்கி இணைப்பின்றி இயக்கலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருளின் மூலம் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாகச் சேமித்து, இணைப்பில்லாத கணினியில் படிக்கலாம். ஒரு முறை ஒருவர் தரவிறக்கிவிட்டால், ஒரு பென் டிரைவில் ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட முடியும்.

ஆகவே, இனி வெளியிடும் பட்டியல்களில் ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் அருகே சில விவரங்களைச் சேர்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாடத்துக்குக் கால வரம்பு உண்டா, தரவிறக்க முடியுமா, பயிற்சிகளுக்கு விடை தரப்பட்டுள்ளதா, எந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது என்பவையே அவை. நான்கு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது. முன்பு வெளியான பட்டியல்களையும் இந்த விவரங்களோடு ஒரு முறை மறுபடி வெளியிட்டால், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் பாதிப் பாடத்தில் மாட்டிக்கொள்ளும் முன்பே வேறு தளத்தைத் தேர்ந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்