ஒட்சிசன் கான் இருக்கிறதென்று மலையில் தங்கிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பில் இருந்து நேபாளத்து முக்திநாத், திபெத்துக் கைலாயம் என்று யாத்திரை போகிறவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

போன வருடம் அக்காவோடு முக்திநாத் போனேன். அக்காவுக்கு 61 வயது, கல்லடிக் கடற்கரையில் தினமும் நடக்கிறவர். ஏறக்குறைய 820 மீற்றர் உயரத்தில் உள்ள பொக்காராவில் காலையில் விமானம் ஏறி, சுமார் 2,700 மீற்றர் உயரத்து ஜோம்சோமில் இறங்கினோம். ஜீப்பில் அன்றைக்கே முக்திநாத் கோயிலடி ஊரான ராணிபௌவா போய்த் தங்கினோம். அது 3,700 மீற்றர். நம் நாட்டின் பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான்!

இரவே அக்காவுக்குத் தலையிடி. "குளிர்தான், சரியாகும்" என்றார் கூட்டிப் போனவர். மறுநாள் சத்தி. சிறிய ஒட்சிசன் கானை முகத்தில் பிடித்ததும் கொஞ்சம் தெளிந்தார். சரி, நாளைக்கு இறங்கலாம் என்று இருந்துவிட்டோம். பொழுதுபடும் நேரம் அக்கா சுவெட்டர் பொத்தானைப் பிடித்தபடி நிற்கிறார். துளைக்குள் போடத் தெரியவில்லை. நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார். விடுதிக்கார அம்மா அதைக் கண்டதுமே ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். பெரிய சிலிண்டரோடு முகமூடி மாட்டி, அந்த இருட்டில் ஜோம்சோமுக்கு இறக்கினோம். விடியும்போது அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஊருக்கு வந்து வைத்தியரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. மலையிலும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். ஆனால் அமுக்கம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. அதனால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து மூளை வீங்கலாம். நுரையீரலில் நேர்மாறாக, குழாய்கள் சுருங்கி அமுக்கம் ஏறி, காற்றறைகளுக்குள் நீர் வருகிறது. சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டும், இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும்.

முகமூடி வழியே விடாமல் ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரல் குழாய்கள் தளரும், மூளைக்கும் போய்ச் சேரும். இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் கருவி 90 வீதத்துக்கு மேல் காட்டும் அளவுக்குக் கொடுக்க வேண்டுமாம். கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் பார்த்த கருவிதான். கையடக்கக் கானோ சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். எங்களை ஏமாற்றியது அந்தச் சில நிமிடத் தெளிவுதான். தள்ளாட்டமோ மூச்சுமுட்டலோ கண்டால் அந்த நேரமே இறங்க வேண்டும்; ஒட்சிசன் என்பது நாம் கீழே இறங்கும் வரைக்கும் உயிரைக் காக்கிற உதவி.

குழுக்களைக் கூட்டிப் போகிறவர்கள் சிலிண்டரும் விரல் கருவியும் கொண்டுபோங்கள். 3,000 மீற்றருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள். மலை உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெற்றசோலமைட் மாத்திரை தங்களுக்குச் சரிவருமா என்று யாத்திரிகர்கள் புறப்படமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் பகுதியில் இருந்து இன்னொரு குழு முக்திநாத் போகிறது. பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். போகும்போது ஜோம்சோமில் ஓர் இரவுகூடத் தங்கல் இல்லை.

வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.